இரண்டு மரக்கால்

இந்த வருஷம் சம்பா நடவு எனக்குப் பத்து நாள் தள்ளிப்போச்சு. தண்ணி இல்லாமல் இல்லை. வாய்க்கால் நிறையத் தண்ணி ஓடிச்சு. நாத்து முப்பது நாளைத் தாண்டி நின்னுது. சேறடிக்க டிராக்டர்தான் வரலை. டிராக்டரும் ஊர்லயேதான் நின்னுது, புளியமரத்தடியில, கேஜ் வீல் மாட்டினபடியே.

அந்த டிராக்டர் ரெண்டு பேருக்குச் சொந்தம். ஒருத்தன் ராவுத்தர் வீட்டுப் பையன், இன்னொருத்தன் கிறிஸ்தவப் பையன். பேர் வேண்டாம். ஒண்ணாப் படிச்சவங்க, ஒண்ணாக் கடன் வாங்கினவங்க. அஞ்சு வருஷமா எங்க பக்கத்து வயல் பூராவும் அவங்க ஓட்டினதுதான். இப்ப ஒருத்தன் சாவியை வச்சிருக்கான், ஒருத்தன் ஆர்.சி. புக்கை வச்சிருக்கான். என்ன சண்டைன்னா கணக்கு வழக்கு இல்லை, பொண்ணு விவகாரம் இல்லை. எது உண்மையான மார்க்கம்கிறதுதான் சண்டை.

"மாமா, அவன்தான் முதல்ல பைபிளை மனுசன் திருத்திட்டான்னு வாட்ஸ்அப்ல போட்டான்" என்கிறான் ஒருத்தன். "மாமா, அவன் எங்க நபியைப் பத்தி ஒரு வீடியோ போட்டான் பாருங்க, அதை என் வாயால சொல்ல முடியாது" என்கிறான் மத்தவன். ரெண்டு வீடியோவையும் பார்த்தேன். ரெண்டும் பட்டணத்துல எடுத்தது. பின்னாடி அலமாரி நிறையப் புத்தகம், முன்னாடி மைக், பேசுறவர் சட்டையில ஒரு சுருக்கம் இல்லை. இதைப் படிக்கிற நீங்க பெரும்பாலும் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கீங்க. உங்க ஊர்ல எடுக்கிறது எங்க வரப்புல வந்து விழுது, அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. "எல்லா மதமும் ஒண்ணுதானே தம்பி, ஏன் அடிச்சுக்கிறீங்க?" என்று டீக்கடையில ஒரு பெரியவர் சொன்னார். நல்ல மனசோட சொன்னதுதான், ஆனா அது உண்மை இல்லை. ஈசா நபி சிலுவையில அறையப்படவே இல்லைன்னு குர்ஆன் நான்காம் அத்தியாயம் 157-ம் வசனம் சொல்லுது. கிறிஸ்தவனுக்கோ சிலுவைதான் எல்லாம். உயிர்த்தெழுதல் இல்லைன்னா மிச்சம் எதுவும் நிக்காதுன்னு பவுலே எழுதி வச்சிட்டார். இதுல ரெண்டும் சரியா இருக்க முடியாது. பசங்க அதைப் புரிஞ்சுதான் பேசுறாங்க. "எல்லாம் ஒண்ணு"ன்னு சொல்றவங்க ரெண்டு புத்தகத்தையும் தொறந்து பார்க்காதவங்க. தன் மார்க்கம்தான் உண்மைன்னு ஒருத்தன் நம்புறதுல எனக்குக் குத்தம் தெரியலை. நம்பாம எதுக்கு அஞ்சு வேளை தொழணும், எதுக்கு ஞாயித்துக்கிழமை குளிச்சுக் கோயிலுக்குப் போகணும்?

என் கோபம் வேற இடத்துல. அந்தக் காலத்துல நெல் வியாபாரி சிலபேர் வீட்ல ரெண்டு மரக்கால் இருக்கும்னு எங்க அப்பா சொல்வார். வாங்குறதுக்கு ஒண்ணு, விக்கிறதுக்கு ஒண்ணு. பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும், பன்னெண்டு அளந்தா ஒரு கலம். ஆனா வாங்குற மரக்கால் கொஞ்சம் வயிறு பெருத்திருக்கும். இப்ப கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம்னு சொல்லி மெஷினை வைக்கிறாங்க. அதே நெல்லு, அதே களம், என் சிப்பத்துல 19 காட்டுச்சு. எனக்கு அப்புறம் வந்த ஒரு பெரிய கையோட சிப்பத்துல 16 காட்டுச்சு. எந்த ஊர் நிலையம்னு எழுத மாட்டேன், அதை வச்சுதான் நான் தையில நெல் போடணும்.

இந்த விவாதக்காரங்க வீட்லயும் ரெண்டு மரக்கால் இருக்கு. கல்லறைக்கு எத்தனை பெண்கள் போனாங்கன்னு நாலு சுவிசேஷமும் நாலு விதமாச் சொல்லுது, அதனால புத்தகமே திருத்தப்பட்டதும்பார் ஒருத்தர். சரி, உஸ்மான் கலீபா ஒரே பிரதியை நிலைப்படுத்தி மத்ததையெல்லாம் எரிக்கச் சொன்னார்னு உங்க ஹதீஸ்லயே இருக்கேன்னு கேட்டா, "அதுக்கு விளக்கம் இருக்கு"ம்பார். இருக்கலாம். அப்ப அந்தப் பக்கத்து விளக்கத்துக்கும் காது கொடுக்கணும் இல்லையா? அந்தப் பக்கம் திரும்பினா, நபி போர் செஞ்சார், அதனால இது அமைதி மார்க்கமே இல்லைம்பார். யோசுவா புத்தகத்துல எரிகோவுக்கு நடந்ததைக் கேட்டா, "அந்தக் காலச் சூழ்நிலை அப்படி"ம்பார். சூழ்நிலை அவருக்கு மட்டும்தான் உண்டு போல. அடுத்தவன் புத்தகத்தை அளக்கப் பெருத்த மரக்கால், தன் புத்தகத்தை அளக்கச் சிறுத்த மரக்கால்.

இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்லை. 1854 ஏப்ரல் மாசம் ஆக்ராவுல பாண்டர்னு ஒரு ஜெர்மன் பாதிரியாரும் ரஹ்மத்துல்லா கைரானவின்னு ஒரு மௌலவியும் சபை கூட்டி வாதம் பண்ணினாங்க. பாதிரியார் ஏற்கனவே எழுதியிருந்த புத்தகத்தோட பேருக்கு 'உண்மையின் தராசு'ன்னு அர்த்தம். தராசு! மௌலவியும் லேசுப்பட்டவர் இல்லை. ஐரோப்பாவுல பைபிளை ஆராய்ஞ்சவங்க எழுதினதையே எடுத்துவந்து பாதிரியார் முன்னாடி வச்சார். பாதிரியார் திணறிட்டார். ஆனா அந்த ஆராய்ச்சிக்காரங்க எந்தப் பழைய புத்தகத்தையும் அதே கண்ணோடதான் பார்ப்பாங்க, எங்க புத்தகத்தையும் அந்தத் தட்டுல வைக்கிறேன்னு மௌலவி சொல்லலை. ரெண்டு நாள் நடந்துச்சு, அதோட நின்னுபோச்சு. ரெண்டு தரப்பும் நாங்கதான் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிச்சு. இன்னைக்கு யூடியூப்ல வர்றது எல்லாம் அதே வாதம்தான், வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கூட.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஒரே உண்மை எங்கிட்டன்னு கத்துறவங்க முதல்ல அடிக்கிறது எதிராளியை இல்லை, தன் வீட்டுக் கிழவியை. 2016 ஜனவரி 31-ல திருச்சியில தவ்ஹீத் ஜமாஅத் ஷிர்க் ஒழிப்பு மாநாடு போட்டுச்சு. அவங்க கணக்குல நாகூர் ஆண்டவர் தர்காவுக்கு நேர்ந்துக்கிறதே ஷிர்க். இந்தப் பக்கம் பெந்தெகொஸ்தே சபைக்காரங்க, வேளாங்கண்ணி மாதா சொரூபத்து முன்னாடி மெழுகுவத்தி ஏத்துறது விக்கிரக ஆராதனைன்னு வீடு வீடாச் சொல்றாங்க. அந்த ராவுத்தர் பையனோட அம்மா, இவன் வயித்துல இருந்தப்ப வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கிட்டவங்க. குர்ஆன்ல மர்யம் பேர்ல ஒரு அத்தியாயமே இருக்கு, அந்தம்மாவுக்கு அதுல ஒண்ணும் முரண்பாடு தெரியலை. கிறிஸ்தவப் பையனோட பாட்டி நாகூர் கந்தூரிக்குப் போய் மயிலிறகால தலையில தடவிக்கிட்டு வரும். ரெண்டு ஊருக்கும் நடுவுல இருபது கிலோமீட்டர்கூட வராது, நடுவுல நாகப்பட்டினம். இப்ப ரெண்டு பேரையும் போகவிடாம வீட்ல உட்கார வச்சிருக்காங்க. மார்க்கம் தெரிஞ்சுக்கிட்டாங்களாம் பசங்க.

2004 சுனாமியில அந்த ரெண்டு ஊருக்கும் ஒரே அலைதான் வந்துச்சு. வேளாங்கண்ணியில கோயிலுக்கு வந்த ஜனம் செத்துச்சு. நாகூர்ல தர்கா இடத்துல, இது யார் பொணம்னு கேக்காமப் புதைச்சாங்க. நான் அந்த வாரம் லாரியில அரிசியோட போனவன், கண்ணால பார்த்தேன். அன்னைக்கு ஒருத்தரும் நாலாம் அத்தியாயம் என்ன சொல்லுதுன்னு கேக்கலை.

"நீங்க இந்து, உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், சும்மா இருங்க மாமா" என்றான் அந்தப் பையன். அதுலயும் நியாயம் இருக்கு. இவங்க அடிச்சுக்கிட்டப்ப எங்க தெருவுல சிலபேர் சந்தோஷப்பட்டாங்க, அதை மறைக்க மாட்டேன். அவங்களுக்கும் ஒரு பெருத்த மரக்கால் இருக்கு. சுடுகாட்டுக்குப் போற பாதையைச் சாதி பார்த்துப் பிரிச்சு வச்சிக்கிட்டு, சகிப்புத்தன்மை எங்ககிட்டதான்னு பேசுவாங்க. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள்ள சாதிச் சுவர் இருக்கறதை அவங்க சரியாச் சொல்வாங்க, தன் ஊர்ப் பாதையைச் சொல்ல மாட்டாங்க.

பசங்ககிட்ட நான் சொன்னது சுவார்ட்ஸ் ஐயர் கதை. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவுக்குப் போனவங்க அவர் பேர்ல உள்ள சர்ச்சைப் பார்த்திருப்பீங்க. 1750-ல தரங்கம்பாடியில வந்து இறங்கின ஜெர்மன்காரர். 1779-ல ஐதர் அலிகிட்ட தூது அனுப்பணும்னு கம்பெனிக்காரன் நினைச்சப்ப, மத்தவனை நம்ப மாட்டேன், அந்தப் பாதிரியார் வந்தாப் பேசலாம்னு ஐதரே சொன்னதா எழுதி வச்சிருக்காங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தார். ஐதரோட மார்க்கம் தப்புன்னுதான் சுவார்ட்ஸ் சாகிறவரைக்கும் நினைச்சார், அதை மறைக்கவும் இல்லை. ஐதரும் மதம் மாறலை. ஆனா இந்த ஆள் பொய் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சு வச்சிருந்தார்.

அப்புறம் அந்த ஐதர் படையே நம்ம டெல்டாவுக்குள்ள வந்து கொளுத்திட்டுப் போச்சு. இப்பவும் வயசானவங்க ஐதர் கலாபம்பாங்க. தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள பஞ்சம். வெளியில நெல் இருக்கு, கொண்டுவர மாடு இல்லை. மாடு வச்சிருந்த குடியானவன் தரலை. ஏன் தருவான்? அதுக்கு முன்னாடி கொண்டுவந்து கொடுத்தவனுக்குக் காசு வரலை. ராஜா சொன்னார், நடக்கலை. கம்பெனி சொல்லுச்சு, நடக்கலை. கடைசியில சுவார்ட்ஸ் கைப்பட எழுதி அனுப்பினார், பணத்துக்கு நான் பொறுப்புன்னு. ரெண்டு நாள்ல ஆயிரம் மாட்டுக்கு மேல வந்துச்சு, 80,000 கலம் நெல் கோட்டைக்குள்ள போச்சு. எல்லாம் முடிஞ்சதும் ஒவ்வொருத்தனுக்கும் காசு கொடுத்து அனுப்பினார்.

அந்த மாட்டுக்காரன் எவனும் அவர்கிட்ட திரித்துவத்துக்கு ஆதாரம் கேட்டிருக்க மாட்டான். வாடகை வருமான்னுதான் பார்த்திருப்பான், எங்களை மாதிரி. கம்பெனிக்காரனோட சேர்ந்திருந்தவர்தானே என்று நீங்க சொல்லலாம், உண்மைதான், அதுக்காக அவரை நான் கும்பிடலை. இந்தப் பக்கமும் அப்படி ஆள் உண்டு. எங்க அப்பா நெல்லை ஒரு ராவுத்தர் மில்லுக்கு இருபது வருஷம் போட்டார், ஒரு துண்டுச் சீட்டு வாங்கினதில்லை. அவர் வீட்ல ஒரே மரக்கால்தான்னு ஊருக்கே தெரியும்.

பையன் கேட்டுட்டு, "அது சரி மாமா, ஆனா பைபிள் திருத்தினதா இல்லையா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பத்தாவது வரை படிச்ச நான் அதுக்கு என்ன சொல்றது? தம்பி, எபிரேயமும் கிரேக்கமும் அரபியும் தெரிஞ்சவங்களுக்கே ஆயுசு போதலை. நீ அரை நிமிஷ வீடியோவுல முடிச்சுட்டியேன்னு மட்டும் சொன்னேன். கோவிச்சுக்கிட்டான்.

தையில டிராக்டர் தவணை கட்டணும். கட்டலைன்னா பேங்க்காரன் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போயிடுவான், அவனுக்கு எல்லா மார்க்கமும் ஒண்ணுதான். வெளியூர் வண்டியைக் கூப்பிட்டு மணிக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்து என் வயலை ஓட்டி நட்டாச்சு. பக்கத்துல இன்னும் ரெண்டு பேர் வயல் தரிசா நிக்குது. நாளைக்குக் காலையில மோட்டார் கொட்டகைக்கு வரச்சொல்லி ரெண்டு பேருக்கும் ஆள் அனுப்பியிருக்கேன், சாவியையும் ஆர்.சி. புக்கையும் எடுத்துக்கிட்டு. ஒருத்தன் வரேன்னான். இன்னொருத்தன் பார்க்கிறேன்னான்.