கதவு திறந்தது, கைகாட்டி எங்கே?

நாமக்கல் மண்ணில் கல்விக்குப் பஞ்சமா? இல்லை! பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காக எட்டுத் திக்கிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்த விடுதிப் பள்ளிகளின் மண் இது. விடியுமுன் எழுப்பி, விளக்கணையும் வரை படிக்க வைத்து, மதிப்பெண்ணை மலையாகக் குவித்த மண்!

ஆனால் தம்பி, தங்கையே, பள்ளியில் பிறர் சொன்னார்கள், நீ செய்தாய். கல்லூரியில் சொல்வார் இல்லை. நீயே கேட்க வேண்டும். இந்த மாற்றத்தை முதல் நாளே உணராதவன் மூன்றாண்டும் தடுமாறுகிறான்.

படித்த குடும்பத்துப் பிள்ளைக்குக் கவலையில்லை. அவனுக்கு வீட்டுக் கூடத்திலேயே ஓர் ஆலோசகர் அமர்ந்திருக்கிறார். தந்தை சொல்வார், தமக்கை சொல்வாள். லாரி ஓட்டும் தந்தைக்கும், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் தாய்க்கும், பள்ளிபாளையத்து விசைத்தறியில் இரவெல்லாம் நிற்கும் அண்ணனுக்கும் அகமதிப்பீடு என்றால் என்ன தெரியும்? அரியர் என்றால் என்ன தெரியும்? அறிவில்லாதவர்களா அவர்கள்? அல்ல! கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள்!

எனவேதான் சொல்கிறேன்: பாடம் படித்தும் தோற்பவர் உண்டு, விதியைப் படிக்காததால்! தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். நூறு மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீட்டுக்கு, 75 பருவத் தேர்வுக்கு எனப் பிரித்துத் தரும் பாடங்கள் பல. விருப்பப் பாடத்தை உரிய நாளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். உதவித் தொகைக்கும் கடைசி நாள் உண்டு. மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கப்பட்டன. திட்டம் தீட்டுவது அரசின் கடமை. அது உனக்கு உண்டா என்று கேட்பது உன் உரிமை!

யாரைக் கேட்பது? வழிகாட்டி ஆசிரியரை! கல்லூரியில் 'மெண்டார்' என்பார்கள், 'டியூட்டர்' என்பார்கள். அறிமுக நாளன்றே அவர் பெயரைக் கேள், அறையைக் கேள், எந்த நேரம் பார்க்கலாம் என்று கேள். சான்றிதழ்களின் நகலையும், ஐயங்களை எழுதிய ஒரு தாளையும் கையோடு கொண்டு போ. "ஐயா, புரியவில்லை" என்று சொல்வதில் இழுக்கில்லை. புரிந்ததாய்த் தலையாட்டுவதில்தான் இழப்பு! அரியர் விழுந்த பிறகு அழுதுகொண்டு போகாதே, விழுமுன் போ!

மாணவனுக்கு மட்டுமா அறிவுரை? கல்லூரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். பல்கலைக்கழக மானியக்குழு 2019-ல் புதிய மாணவர்க்கான அறிமுகப் பயிற்சியை வகுத்தது. 'தீக்ஷாரம்பம்' என்று பெயர் சூட்டினார்கள். பட்டிதொட்டிப் பிள்ளைக்குப் பெயரே புதிர்! போகட்டும், கருத்து நல்லது. அதை மாலை, பொன்னாடை, மைக் என்று ஒரே காலையில் முடித்துவிடலாமா? மேடையேறிப் பழகிய நாமே சொல்கிறோம்: அன்று தேவை சொற்பொழிவு அல்ல, உரையாடல்! பெற்றோரையும் அழையுங்கள், விதிகளைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

"ஆசிரியருக்கு நேரமேது?" என்பீர்கள். நியாயம். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் பெரும் சுமை சுமக்கிறார்கள். நிரந்தரப் பணியிடங்களை நிரப்புக என்று ஆட்சியில் இருப்போரை, அவர் எவராயினும், கேட்போம். ஆனால் வழிகாட்டிப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் இருந்து, கலங்கி நிற்கும் பிள்ளையின் கதை அதில் இல்லையென்றால், அந்த ஏடு யாருக்காக?

நாமக்கல்லில் அறிஞர் அண்ணா பெயர் தாங்கும் அரசுக் கலைக்கல்லூரி 1969-ல் பிறந்தது. உழவன் மகனும் உழைப்பாளி மகளும் உள்ளே வரக் கதவு திறந்தாயிற்று. திறந்த கதவு போதாது, தோழர்களே! உள்ளே வந்தவன் பட்டத்தோடு வெளியேற வேண்டும். அதுவரை அவன் தோளில் ஒரு கை வேண்டும். தம்பி, அந்தக் கை தானாக வரும் என்று காத்திராதே. போய்க் கதவைத் தட்டு!