ஒரே ஒரு இரவு!

இரவு 9 மணி. தெருவில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் கூட்டம். பெண்கள் கற்பூரம் ஏற்றுகிறார்கள். சிறுவர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். என்ன விசேஷம்? தொட்டியில் பிரம்ம கமலம் பூத்திருக்கிறது!

"அது குளிர்ந்த ஊர்ச் செடி. விழுப்புரம், திண்டிவனம் வெயிலுக்கு வருமா?" என்று சிலர் கேட்கலாம். வரும். பக்குவம் தெரிந்தால் போதும்.

உண்மைப் பெயர்

தொட்டியில் பூக்கும் இந்தச் செடியின் பெயர் நிஷாகந்தி. கள்ளி இனத்தைச் சேர்ந்தது. சொந்த நாடு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். உண்மையான பிரம்ம கமலம் வேறு. அது இமயமலையில் 10 ஆயிரம் அடிக்கு மேல் பூப்பது. உத்தரகாண்ட் மாநிலத்தின் மலர். ஆகவே, "இமயமலைச் செடி" என்று சொல்லி யாராவது நூறு நூறாகக் கேட்டால் ஏமாறாதீர்கள்.

வளர்ப்பது எப்படி?

இலை போலத் தோன்றுவது உண்மையில் தண்டு. அதில் ஒரு சாண் துண்டு போதும். வெட்டிய உடனே நடக்கூடாது. நான்கைந்து நாள் நிழலில் வைத்து, வெட்டிய இடம் காய்ந்த பிறகு நட வேண்டும். செம்மண், மணல், மக்கிய இலை மூன்றையும் கலந்து கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம்.

காலை வெயில் படலாம். கத்திரி வெயில் படக்கூடாது. பட்டால் தண்டு வெந்து மஞ்சளாகிவிடும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி மழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வையுங்கள். இந்தச் செடிக்குத் தாகத்தைவிட ஈரமே பெரிய எதிரி. வேர் அழுகினால் பிழைப்பது கடினம்.

பூக்க இரண்டு, மூன்று ஆண்டு ஆகலாம். பொறுமை வேண்டும். தண்டின் ஓரத்தில் மொட்டு வரும். தொங்கிய மொட்டு நிமிர்ந்து பருத்தால், மலரும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். இரவில் விரிந்து வீடெல்லாம் மணக்கும். பொழுது விடிவதற்குள் வாடிவிடும்.

கொடுத்தால் குறையாது

அந்த ஒரு இரவில் கதவைச் சாத்திக் கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். தூங்கும் குழந்தையையும் எழுப்பிக் காட்டுங்கள்.

மறுநாள் யாராவது ஒரு துண்டு கேட்பார்கள். "எல்லோர் வீட்டிலும் இருந்தால் நமக்கு என்ன பெருமை?" என்று தயங்க வேண்டாம். உங்கள் செடியும் யாரோ கொடுத்த துண்டுதானே! என்றாவது ஒரு மழையில் உங்கள் செடி அழுகினால், நீங்கள் கொடுத்த வீட்டிலிருந்தே மீண்டும் ஒரு துண்டு கிடைக்கும்.