'நேட்டிவ் ஸ்பீக்கர்' தேவை: போலந்தில் இங்கிலிஷ் விற்கிற விதம்

போலந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை தேடுகிற எவருக்கும் முதல் நாளிலேயே பழகிப்போகிற இரண்டு சொற்கள் இருக்கின்றன: 'நேட்டிவ் ஸ்பீக்கர்'. விளம்பரம் முழுக்க போலிஷ் மொழியில் இருந்தாலும் இந்த இரண்டு சொல்லும் ஆங்கிலத்திலேயே நிற்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் வேண்டும் என்பதுதான் நேர் அர்த்தம். நடைமுறையில் அர்த்தம் இன்னும் சுருங்கிவிடும். பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா மாதிரி ஏதோவொரு நாட்டின் பாஸ்போட் வேண்டும். அந்தப் பாஸ்போட்டுக்குப் 'பொருத்தமான' முகமும் இருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் இரண்டு பேர். ஒராள் வவுனியா, மற்றவர் மட்டக்களப்பு. முதுகலை படிக்க வூச் நகரத்துக்கு வந்தோம். படிப்பு நேரம் போக, தனியார் மொழிப் பள்ளிகளில் இங்கிலிஷ் படிப்பிக்கிறோம். அந்த இரண்டு சொற்களும் எங்களுக்கு அநியாயம் செய்கின்றன என்று சொல்வது சுலபம், அது உண்மையும்தான். ஆனால் எங்கட வாதம் அதோடு நிற்கவில்லை. அந்த லேபலால் படிக்க வருகிறவருக்கும் நன்மை இல்லை. அதை ஒட்டிக்கொண்டு திரிகிற வெள்ளைக்கார ஆசிரியருக்கும் பெரிசாக நன்மை இல்லை. பிறகு யாருக்குத்தான் லாபம் என்பதுதான் கேள்வி.

முதலில், போலந்துக்கு இவ்வளவு இங்கிலிஷ் எதற்கு? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1989 வரை அங்கே பள்ளிக்கூடத்தில் கட்டாய அந்நிய மொழி ரஷ்யன். ஆட்சி மாறியதும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இங்கிலிஷ் தேவைப்பட்டது, ஆசிரியர்கள்தான் இல்லை. ரஷ்யன் படிப்பித்தவர்கள் திரும்பவும் மாணவர்களாகி இங்கிலிஷ் படித்தார்கள். 1990 இல் மொழி ஆசிரியர்களுக்கென்றே மூன்று வருடக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. அதே வருடம் அமெரிக்க அமைதிப் படையின் தொண்டர்கள் வந்து இறங்கி, 2001 வரை இருந்தார்கள். 2004 இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது லட்சக்கணக்கான போலந்துக்காரர் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வேலைக்குப் போனார்கள். இங்கிலிஷ் அப்போது சம்பளத்தின் மொழியாகிவிட்டது. உயர்தரப் பரீட்சைக்குச் சமமான 'மத்துரா'வில் ஓர் அந்நிய மொழி கட்டாயம், பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பது இங்கிலிஷ்தான். இந்த அவசரத்துக்குள்தான் 'நேட்டிவ்' என்ற பொருளுக்குச் சந்தை வந்தது.

இனி எங்கட நாள் எப்படிப் போகிறது என்று சொல்லுகிறோம். வூச் ஒரு காலத்தில் துணி ஆலைகளின் நகரம். இப்போது அந்தச் செங்கல் ஆலைகள் சிலவற்றுக்குள் கடைகளும் கந்தோர்களும் இருக்கின்றன. பெயரை எழுதியபடி வாசித்தால் 'லாட்ஸ்' என்று வரும். 'வூச்' என்று உச்சரிக்கப் பழகினால்தான் ட்ராமில் சரியான இடத்தில் இறங்கலாம். காலை ஏழரைக்கு ஒரு கம்பனியில் வகுப்பு, வேலை தொடங்கமுதல் முடிக்க வேண்டும். பிறகு மத்தியானம் வரை ஒன்றுமில்லை. பின்னேரம் மூன்றரைக்குச் சின்னப் பிள்ளைகள், ஐந்து மணிக்கு மத்துரா எடுக்கிறவர்கள், ஏழு மணிக்கு வளர்ந்தவர்கள். மார்கழியில் அந்த மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். வீட்டை விட்டுப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. இடையில் இருக்கிற மணித்தியாலங்களுக்கு யாரும் காசு தருவதில்லை. ட்ராம் ரிக்கெற்றுக்கும் தருவதில்லை.

பிள்ளைகள் எங்களில் ஒராளை 'ப்ரோஷெ பானி' என்றும் மற்றவரை 'ப்ரோஷெ பானா' என்றும் கூப்பிடுவார்கள். ரீச்சர், சேர் என்று கூப்பிடுகிற மாதிரித்தான். போலிஷில் மரியாதை இல்லாமல் பெரியவரோடு கதைக்க ஏலாது. நாங்கள் 'நீ', 'நீங்கள்' என்று பிரிப்பதுபோல அவர்களும் பிரிக்கிறார்கள். அதனால் அறுபது வயது அம்மா ஒருவர் இங்கிலிஷில் எங்களைப் பார்த்து 'யூ' என்று சொல்லக் கூச்சப்படும்போது அந்தக் கூச்சம் எங்களுக்கு விளங்கும். லண்டனிலிருந்து வந்தவருக்கு அதில் என்ன பிரச்சினை என்று யாராவது விளங்கப்படுத்த வேண்டியிருக்கும்.

எங்கட வாதத்தின் நடுப்பகுதியே இதுதான். போலிஷில் 'எ', 'அன்', 'த' இல்லை, தமிழிலும் இல்லை. 'ஐ ஆம் டீச்சர்' என்று ஒரு போலந்து மாணவர் சொல்லும்போது, அந்த இடத்தில் என்ன விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று எங்களுக்குத் தெரியும். அதே ஓட்டையை நாங்கள் பத்து வருடமாக அடைத்து அடைத்து வந்தவர்கள். போலிஷில் ஏழு வேற்றுமை, தமிழில் எட்டு. விளிவேற்றுமைகூட அங்கே உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு 'மாமா' என்றால் அம்மா, கூப்பிடும்போது 'மாமோ'. பெயரின் வாலை மாற்றி அர்த்தம் சொல்லிப் பழகிய ஆளுக்கு, எல்லாவற்றையும் சொல் ஒழுங்கிலும் 'டூ', 'பொர்', 'வித்' மாதிரிச் சின்னச் சொற்களிலும் வைத்திருக்கிற இங்கிலிஷ் விசித்திரமாகத்தான் இருக்கும். அந்த விசித்திரத்தை ஒருக்கால் உணர்ந்தவரால்தான் அதை விளக்க முடியும்.

போலிஷ் ஆசிரியர்களிடம் இதைவிடப் பெரிய ஆயுதம் இருக்கிறது. போலிஷில் 'அக்துவால்நியே' என்றால் 'தற்போது'. மாணவர் அதை இங்கிலிஷ் 'அக்சுவலி' என்று நினைப்பார். 'எவென்துவால்நியே' என்றால் 'வேண்டுமானால்' என்ற மாதிரி. அதை 'இவென்சுவலி' என்று எழுதுவார். கடிதம் முழுக்க இலக்கணம் சரி, அர்த்தம் மட்டும் தலைகீழ். இது எங்கிருந்து வருகிறது என்று போலிஷ் ரீச்சர் ஒரு செக்கனில் பிடித்துவிடுவார். நாங்கள் போலிஷ் படிக்கப் படிக்கத்தான் பிடிக்கிறோம். பல மொழிப் பள்ளிகளிலோ வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது? இலக்கணமும் பரீட்சையும் போலிஷ் ஆசிரியருக்கு. 'கொன்வர்சேஷன்' நேட்டிவுக்கு. சுவரில் ஒட்டுகிற படமும் நேட்டிவுக்கு. கஷ்டமான வேலை ஒருவருக்கு, விளம்பரம் இன்னொருவருக்கு.

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு மொழியோடு பிறந்து வளர்ந்தவரின் காதில் இருக்கிற நுணுக்கம் பெறுமதியானது. பகிடி எது, குத்தல் எது, எந்தச் சொல் பழசாகிவிட்டது என்று அவர் உடனே சொல்லுவார். அப்படியான நல்ல ஆசிரியர்களோடு நாங்கள் வேலை செய்கிறோம், அவர்களிடம் படிக்கிறோம். ஆனால் அவர்களை நல்ல ஆசிரியர்களாக்கியது பயிற்சியும் பொறுமையும். பாஸ்போட் இல்லை.

இப்போது காசுக் கதை. இந்தத் துறையில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது நிரந்தரத் தொழில் ஒப்பந்தம் இல்லை, 'உமோவா ஸ்லெட்செனியே' என்கிற சேவை ஒப்பந்தம். தொழிற்சட்டம் தருகிற சம்பளத்தோடான லீவு இதில் கிடையாது. போலந்துக்காரரே இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கு வைத்திருக்கிற பெயர் 'குப்பை ஒப்பந்தம்'. இவற்றுக்கு மணித்தியாலக் குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்றே 2017 இல்தான் வந்தது. தொடக்கத்தில் 13 ஸ்லோட்டி. 26 வயதுக்குள் மாணவராக இருந்தால் சமூகக் காப்புறுதிக் கட்டணமும் கட்டத் தேவையில்லை. கையில் கொஞ்சம் கூடக் காசு வருகிற மாதிரித் தெரியும். சுகமில்லாமல் படுத்தால் ஒரு சதமும் வராது என்பது காய்ச்சல் வந்த பிறகுதான் உறைக்கும். மாணவர் வகுப்பை ரத்துச் செய்தால் பல இடங்களில் காசு இல்லை. நத்தார் லீவுக்குக் காசு இல்லை. வகுப்புகள் ஐப்பசியில் தொடங்கி ஆனியில் முடியும், இடைப்பட்ட கோடை முழுக்க வெறும் பொக்கற்.

இதில்தான் அந்த லேபலின் உண்மையான வேலை தெரிகிறது. எங்களோடு ஓய்வறையில் இருக்கிற ஐம்பது வயது பிரிட்டிஷ்காரருக்கு மணித்தியாலத்துக்குச் சில ஸ்லோட்டி கூட. ஆனால் அவருக்கும் அதே குப்பை ஒப்பந்தம், அதே வெறும் கோடை. 2020 முடிவில் பிரெக்சிற் இடைக்காலம் முடிந்ததிலிருந்து, புதிதாக வருகிற பிரிட்டிஷ்காரரும் எங்களைப்போல அனுமதிகளுக்கு அலைய வேண்டியவர்தான். வதிவிட அட்டைக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிற வரிசையில் லண்டன் உச்சரிப்புக்குத் தனி ஜன்னல் கிடையாது. மற்றப் பக்கம், இரண்டு பட்டத்தோடு இருக்கிற போலிஷ் சக ஆசிரியை, தன் நாட்டிலேயே 'இரண்டாம் தரம்'. மூன்றாவதாக நாங்கள்: 'இங்கிலிஷ் நல்லம், ஆனா பெற்றோர் கேட்பினம்' என்கிற வகை.

மூன்று பேருக்கும் தேவை ஒன்றுதான். ரத்தான வகுப்புக்குக் காசு, வருத்தத்துக்கு லீவு, கோடைக்கு ஏதாவது. ஆனால் மூன்று பேரையும் மூன்று விலையில் வைத்திருக்கும்போது, எல்லாரும் பக்கத்திலிருக்கிறவரின் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஒப்பந்தத்தைப் பார்க்க மாட்டோம். யாருக்கு லாபம் என்று மேலே கேட்டதற்குப் பதில் இதுதான்.

போலந்துக்கு இந்த லேபல் பொருந்தாது என்பதற்கு அவர்களுடைய வரலாறே சாட்சி. 1901 இல் வ்ஷெஷ்னியா என்ற ஊரில், அப்போது ஜெர்மன் ஆட்சிக்குக் கீழ், சமய பாடத்தை ஜெர்மன் மொழியில் படிக்க மறுத்ததற்காகப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அது பெரிய பள்ளிக்கூட வேலைநிறுத்தமாக மாறியது. மொழியை வைத்து ஆளை மட்டம் தட்டுவது என்ன என்று தெரிந்த நாடு. இன்னொரு சாட்சி ஜோசப் கொன்ராட். 1857 இல் போலிஷ் குடும்பத்தில் பிறந்து, போலிஷ், பிரெஞ்சுக்குப் பிறகு, கப்பலோட்டியாக இருபது வயதளவில் இங்கிலிஷ் படிக்கத் தொடங்கியவர். ஆங்கில நாவலின் பெரிய பெயர்களில் ஒன்றாகிவிட்டார். கடைசிவரை அவர் பேச்சில் போலிஷ் வாடை போகவில்லை. இன்றைக்கு அவர் எங்கட விளம்பரங்களில் ஒன்றுக்கு விண்ணப்பித்தால் முதல் வரியிலேயே கழிபட்டுவிடுவார்.

எங்கட பக்கத்திலும் ஒரு சாட்சி இருக்கிறார், நாங்கள்தான் அதிகம் கதைப்பதில்லை. 'நேட்டிவ் ஆசிரியரே சிறந்த ஆசிரியர்' என்ற நம்பிக்கையை ஒரு பொய்நம்பிக்கை என்று 1992 இல் ரொபர்ட் பிலிப்சன் எழுதினார். அந்த விவாதத்தை வகுப்பறைக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் சுரேஷ் கனகராஜா. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இங்கிலிஷ் படிப்பித்தவர். அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் எங்கட மாணவர்கள் கீறிய படங்களையும் கிறுக்கிய குறிப்புகளையும்கூட ஆராய்ந்து, 1999 இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். வெளியிலிருந்து வந்த மொழியைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி வளைத்து எடுக்கிற பிள்ளைகளை அவர் அங்கே கண்டார். அப்படி வளைத்து எடுத்தவர்களின் அடுத்த தலைமுறைதான் நாங்கள்.

ஊரிலும் இதே லேபல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கிலிஷைக் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்லுகிற நாடு எங்கட நாடு. ஸ்போக்கின் இங்கிலிஷ் போர்டுகளில் வெள்ளைக்கார முகம், உள்ளே படிப்பிக்கிறது எங்கட ரீச்சர். அந்த ரீச்சரின் உச்சரிப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருகிற பிள்ளை, நாளைக்கு ஐரோப்பாவில் ஒரு நேர்முகத்தில் தன் உச்சரிப்புக்காகத் தலை குனியும். இரண்டும் ஒரே கயிறு.

ஆகவே, போலந்துக்கோ வேறெங்கோ படிப்பிக்கப் போக நினைக்கிறவர்களே, உச்சரிப்பை மாற்றுகிற யூடியூப் வகுப்புக்கு முன்னம் மூன்று கேள்வியைப் பாடமாக்குங்கோ. உங்கட 'மணித்தியாலம்' 45 நிமிடமா, 60 நிமிடமா? ரத்தான வகுப்புக்கு யார் பொறுப்பு? ஆடி, ஆவணிக்கு என்ன? பதிலை எழுத்தில் கேளுங்கோ. பிறகு ஓய்வறையில் பக்கத்தில் இருக்கிறவரிடமும், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அவருடைய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கோ. நாங்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். பிரிட்டிஷ்காரரும் போலிஷ் ரீச்சரும் நாங்களும் ஒரே மேசையில் மூன்று தாளையும் விரித்து வைத்தால், ரத்தான வகுப்பைப் பற்றிய வரி மூன்றிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.