புணையும் பேரமும்

புறநானூற்றின் 192ஆம் பாடலை அறியாத தமிழர் இலர் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் அறிந்ததெல்லாம் அதன் முதல் அடியை மட்டுமே. மேடையில் அதை முழங்குகிறோம், சட்டையில் அச்சிட்டுக்கொள்கிறோம். அப்பாடலின் நடுவே ஒரு புணை மிதந்து செல்வதை வகுப்பில் எடுத்துச் சொன்னால் தமிழ் மாணவர்களே வியப்படைகிறார்கள். மின்னலோடு மழை பொழிகிறது. பாறைகளில் மோதி ஓலமிட்டபடி பேராறு பெருகி ஓடுகிறது. அதன் போக்கில் செல்லும் புணையைப் போல உயிரும் தனக்குரிய முறையில் செல்கிறது என்கிறார் கணியன் பூங்குன்றனார். இன்று நம் பிள்ளைகள் 'ராஃப்டிங்' என்று சொல்லி ஆசைப்படும் காட்சி இதுவே. பாறையாற்றில் புணை செல்வதைக் கண்ணால் கண்ட ஒருவர்தாம் இந்த உவமையை எழுதியிருக்க வேண்டும் என்பது எம் எண்ணம்.

ஆனால் அவ்வுவமையில் புணையைச் செலுத்துபவன் இல்லை. பாட்டின் கருத்துக்கு அவன் தேவையில்லை. ஒரு நாள் சுற்றுலாவுக்கு அவன் கட்டாயம் தேவை. இக்கட்டுரை அவனைப் பற்றியது, அவனோடு நாங்கள் பேசிய பேரத்தைப் பற்றியது.

நாங்கள் வாழ்வது பென்னலூரில். ஸ்ரீபெரும்புதூரை ஒட்டி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் மேல் அமைந்த ஊர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்த நிலம் இது. எங்கள் கல்லூரி மாணவர்களின் பெற்றோரில் பாதிப்பேர் அத்தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அல்லது அவற்றின் உணவகங்களிலும் பேருந்துகளிலும் வேலை செய்பவர்கள். தந்தை இரவு ஷிப்டு முடித்து வரும்போது மகன் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். ஒரு முழுநாள் குடும்பத்தோடு எங்கேனும் சென்று வருவது அவ்வீடுகளில் அரிது.

சென்ற ஆண்டு இளங்கலைத் தமிழ் இறுதியாண்டு மாணவர்கள் 36 பேர் துறைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். கோயில், கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்தாயிற்று, இம்முறை ராஃப்டிங் போக வேண்டும் என்றார்கள். நாங்கள் அதைத் தமிழில் 'வெண்ணீர்ப் படகோட்டம்' என்று சுற்றறிக்கையில் எழுதினோம். அதை ஒருவர் 'வெந்நீர்' என்று வாசிக்க, வெந்நீரில் ஏன் படகு விட வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. பாறைகளில் மோதி நுரைத்து வெளுத்து ஓடும் நீர் என்று விளக்கினோம். விளக்கியதும் வேறு கேள்வி வந்தது: "ஆபத்தை எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

மூன்று பயண முகவர்களிடம் விலை கேட்டோம். குடகில் துபாரே, வடகன்னடத்தில் காளி ஆற்றின் தாண்டேலி ஆகிய இடங்களைச் சொன்னார்கள். இரண்டும் புகழ்பெற்ற இடங்கள்தாம். ஆனால் பென்னலூரிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் இல்லை. முதலிருவர் கேட்ட தொகை எங்கள் மாணவர்களுக்கு எட்டாதது. மூன்றாமவர் பாதி விலைக்கு வந்தார். மிதவைச் சட்டை உண்டா, தலைக்கவசம் உண்டா, வழிகாட்டிக்குப் பயிற்சிச் சான்று உண்டா என்று கேட்டோம். "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்" என்றார். பாதி விலையின் இரகசியம் எங்களுக்கு விளங்கிவிட்டது.

ஆற்றின் கடுமையை உலக அளவில் ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதற்படி சிற்றலைகள் மட்டுமே உள்ள ஓட்டம். மூன்றாம் படியில் படகைத் திருப்பும் திறமை வேண்டும். ஆறாம் படி, கைதேர்ந்தவர்களே உயிரைப் பணயம் வைத்து இறங்குவது. காற்றடைத்த இரப்பர் மிதவையின் பின்பகுதியில் வழிகாட்டி அமர்ந்து ஆணையிட, மற்றவர்கள் துடுப்பு வலிக்க வேண்டும். நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக்கூடாது; பாறையிடுக்கில் கால் சிக்கிக்கொண்டால் நீரின் வேகம் ஆளை அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். இவற்றையெல்லாம் கரையிலேயே சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் கூலி.

இதில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ரிஷிகேசம் சான்று. கங்கையில் நடக்கும் இவ்விளையாட்டுக்கு முறையான விதிகள் வகுக்கும்வரை அதை நிறுத்தி வைக்குமாறு 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இந்தியாவிலேயே இவ்விளையாட்டுக்குப் பேர்போன ஊரில் அந்த நிலை.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒகேனக்கல். அது ராஃப்டிங் அன்று, பரிசல் சவாரி. மாணவர்களுக்குச் சற்று ஏமாற்றந்தான். ஆனால் துபாரேயில் இரப்பர் மிதவை விடும் அதே காவிரிதான் இங்கே பாறைகளைக் குடைந்து இறங்குகிறது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரவு பத்து மணிக்குப் பேருந்து ஏறினால் விடியலில் பென்னாகரம் தாண்டிவிடலாம். பேருந்து, உணவு, பரிசல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,400 ரூபாய் என்று கணக்கிட்டோம். அதையும் இரண்டு தவணையில் வாங்கினோம்.

ஜனவரி மாதத்தில் சென்றோம். நீர்வரத்து மிதமாக இருந்தது. மழைக்காலத்தில் கர்நாடக அணைகள் திறக்கும்போது பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். பரிசல் இயக்கத் தடை வந்துவிடும். அந்நாள்களில் பரிசல் ஓட்டிகளுக்கு வருமானம் இல்லை.

பரிசலை முதன்முறை அருகில் பார்த்த மாணவர்கள் சிரித்தார்கள். "இது கூடை மாதிரி இருக்கே" என்றான் ஒருவன். கூடைதான். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் போர்த்தி, தார் பூசி நீர் புகாமல் செய்கிறார்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடித்தளம் தட்டையானது என்பதால் ஆழமற்ற இடத்திலும் பாறைமேல் வழுக்கிச் செல்லும். ஓர் ஆள் தலையில் கவிழ்த்துச் சுமந்து கரையேறிவிடலாம். பொறியியல் மாணவர்களுக்கு 2022 முதல் 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். பரிசல் அதற்குள் வரத்தக்க ஒன்று.

சின்னாறு பரிசல் துறையில்தான் அந்தப் பேரம் நடந்தது. ஒரு பரிசலுக்கு நால்வர் என்பது விதி. நாங்கள் மாணவர்களும் ஆசிரியர்களுமாக 40 பேர். பத்துப் பரிசல் வேண்டும். வழியில் தேநீருக்கும் சிற்றுண்டிக்கும் கணக்கை மீறிச் செலவாகியிருந்தது. ஐந்து ஐந்து பேராக ஏறினால் எட்டுப் பரிசல் போதும், இரண்டு பரிசலின் கட்டணம் மிஞ்சும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். தவறு என்று எவரும் சொல்லவில்லை. இக்கட்டுரையை எழுதும் நாமும் சொல்லவில்லை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பரிசல் ஓட்டியிடம் சென்று, "பெரியவரே, பசங்க எல்லாம் ஒல்லிதான். அஞ்சு பேரா ஏத்திக்குங்க. உங்களுக்குத் தனியா பாத்துச் செய்யிறோம்" என்று கேட்டோம்.

அவர் கோபப்படவில்லை. "நாலு பேரு சார்" என்றார்.

மீண்டும் கேட்டோம். மேலும் ஒரு நோட்டை நீட்டினோம். அவர் பரிசலின் விளிம்பில் கைவைத்துக் காட்டினார். "அஞ்சாவது ஆளு ஏறுனா இந்த வெளிம்பு தண்ணிக்கு இவ்ளோ கிட்ட வந்துரும். சுழில திரும்பயில உள்ள மொண்டுக்கும். ஒல்லியா இருந்தாலும் ஆளு ஆளுதான சார். பயந்து ஒருத்தன் எந்திரிச்சான்னா என் துடுப்பு என்ன பண்ணும்?" பிறகு எங்கள் பின்னால் நின்ற மாணவிகளைப் பார்த்து, "இதுல எத்தன பேருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டார். 36 பேரில் ஐந்து கைகள் உயர்ந்தன.

நாங்கள் பத்துப் பரிசல் எடுத்தோம்.

அன்று அவர் ஒவ்வொரு பிள்ளையின் மிதவைச் சட்டையையும் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். மோவாய் வரை ஏறிவந்த சட்டையைக் கழற்றி மீண்டும் இறுக்கிக் கட்டச் சொன்னார். கொத்திக்கல் பாறையோரம் நீர் சுழலுமிடத்தில் எவரும் அசையக்கூடாது என்றார், எவரும் அசையவில்லை. அதன் பிறகு அமைதியான மடுவில் அவரே பரிசலைப் பம்பரம்போல் சுழற்றிக் காட்டினார். ஏரிகள் சூழ்ந்த ஊரில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கியிராத ஒரு மாணவி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முறை கேட்டோம்.

திரும்பும் வழியில் எங்களுக்கு உறுத்தியது பணம் அன்று. எங்கள் ஊர்த் தொழிற்சாலை வாயில்களில் விபத்தின்றிக் கடந்த நாள்களின் எண்ணிக்கை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அப்பலகையைத் தாண்டி உள்ளே சென்று, உற்பத்தி குறையக்கூடாது என்பதற்காகக் காப்பு உறை இல்லாத எந்திரத்தில் கைவைத்த தந்தையர் எங்கள் மாணவர்களுக்கு உண்டு. விரல் போன கதை இங்கே தெருவுக்கொன்று கிடைக்கும். அக்கதைகளைக் கேட்கும்போது முதலாளியைத் திட்டுகிறோம். இரண்டு பரிசல் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நாங்கள் செய்ததும் அதே கணக்குத்தான். பிறர் உயிரை வைத்து நம் செலவைக் குறைக்கும் கணக்கு. அதற்கு 'வேண்டாம்' என்று சொன்னவர், அச்சொல்லால் நட்டமடையக்கூடியவர். பணம் நீட்டிய நாங்கள் பட்டம் பெற்றவர்கள்.

சிக்கனம் இழிவன்று. சிலப்பதிகாரத்தில் வையையைக் கடக்கும் துறையில் குதிரைமுகம், யானைமுகம், சிங்கமுகம் கொண்ட அலங்கார ஓடங்கள் இயங்குகின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றில் ஏறவில்லை, மரப்புணையில் கடக்கிறார்கள். எளிய புணையாலும் அக்கரை சேரலாம். பேருந்தில் குளிர்வசதி வேண்டாம், விடுதி வேண்டாம், கட்டுச்சோறு போதும், வெண்ணீர் இல்லாவிட்டால் பரிசல் போதும். இவற்றிலெல்லாம் குறைக்கலாம். ஆள் எண்ணிக்கையிலும் மிதவைச் சட்டையிலும் செலுத்துபவன் கூலியிலும் குறைக்கக் கூடாது. குறைந்த விலையைச் சொல்லும் முகவர் இம்மூன்றில் எதைக் குறைத்தார் என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. எம் கருத்து இவ்வளவே.

இனி, ஆபத்தை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற கேள்வி. எங்கள் பகுதியில் ஆபத்து காசு கேளாமலே வந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு பெருகியபோது நீச்சலறியாத ஒரு பெருநகரம் மாடியில் நின்று கையசைத்தது. படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டவர்களுள் மீனவர்கள் முன்னின்றார்கள். அன்று எவரும் அவர்களிடம் பேரம் பேசியிருக்கமாட்டார்கள். நீரை அறிந்தவனின் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதை வெள்ளம் வந்துதான் கற்க வேண்டுமா? மிதமான நீரில், தக்க காவலோடு, ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாமே. சுற்றுலாவையே தடை செய்துவிடும் கல்லூரிகள் மாணவர்களைக் காப்பாற்றுவதாக எண்ணுகின்றன. அம்மாணவர்கள் விடுமுறையில் தாமாகவே ஏரிக்கும் கல்குவாரிக்கும் செல்கிறார்கள். அங்கே 'நாலு பேரு' என்று சொல்ல எவரும் இல்லை.

மாலையில் விடைபெறும்போது, காலையில் நீட்டிய நோட்டை அன்பளிப்பாகவே அப்பெரியவரிடம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவ வரயில பசங்களுக்கு நீச்சல் கத்துக்குடுத்துக் கூட்டியாங்க சார்" என்றார். பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பின்னாலிருந்து பார்த்தபோது ஆள் தெரியவில்லை. பரிசலும் இரண்டு கால்களும் மட்டுமே தெரிந்தன.

192ஆம் பாடலை இவ்வாண்டு வகுப்பில் நடத்தியபோது புணை வரும் இடத்தில் சற்று நிறுத்தினோம். ஒகேனக்கலுக்கு எங்களோடு வந்தவர்கள் தேர்வெழுதிச் சென்றுவிட்டார்கள், இவர்கள் புதியவர்கள். இவர்களும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். முதலில் நீச்சல் வகுப்பு என்று மறுமொழி எழுதியிருக்கிறோம்.