முதலில் பிடி, பிறகு அடி



சிரம்பான், போர்ட்டிக்சன் பக்கம் கோல்ஃப் திடல் வேலியோரம் நின்று பார்க்கும் நம் பிள்ளைகள், பலமாக அடித்தால் பந்து தூரம் போகும் என்று நினைக்கிறார்கள். அடித்துப் பார்த்துப் பந்து கோணினால், "இது துரைமார் ஆட்டம், நமக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள்.

பால்மரம் சீவிய கைகளுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். பலத்தைக் காட்டினால் மரத்துக்குத்தானே காயம்? கத்தி பிடிக்கப் பழகவே நாளாகும் அல்லவா?

கோல்ஃபிலும் முதல் பாடம் பிடிதான். மட்டையை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு மடங்காது. அடுத்தது நிற்கும் முறை; கால்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும். பிறகு இடுப்பு உயரம் வரை மட்டும் சிறு வீச்சு. கையோடு தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். பந்து திரும்பத் திரும்ப நேராகப் போன பின்னரே முழு வீச்சு.

ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. பிறர் ஆடுவதைப் பார்த்தே கற்றவர். குழிக்கு அருகே ஆடும் சிறு அடிகளில்தான் அவருக்குப் பெயர். 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார்.

எனவே, பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம், "எவ்வளவு தூரம் அடித்தாய்?" என்று கேட்காதீர்கள். "இன்று பிடி சரியாக வந்ததா?" என்று கேளுங்கள். மாதங்கள் ஆகட்டும். தூரம் தானே வரும்.