ஒற்று மிகுமா? : கணினிவழி மொழிக்கல்வியில் கற்போரின் தன்னறிதல்

கணினிவழித் தமிழ் கற்பித்தல் பற்றிய நம் ஆய்வுரைகளுள் பெரும்பான்மையானவை கருவியைப் பற்றியே பேசுகின்றன. அது எத்தனை சொற்களை இனங்காணும், எவ்வகைப் பிழைகளைச் சுட்டும் என்பன விரிவாக ஆராயப்படுகின்றன. அக்கருவியைக் கையாள்பவர் தாம் எதனை அறிந்திருக்கிறார், எதனை அறியவில்லை என்பதை உணர்கிறாரா என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அவ்வினாவை விடுத்துக் கருவியின் பயனை மதிப்பிட இயலாது என்பது என் கருத்து.

அமெரிக்க உளவியலாளர் ஜான் பிளேவெல் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், தம் அறிதலைப் பற்றி ஒருவர் பெற்றுள்ள அறிவையும், அறியும்போதே அவருக்குத் தோன்றும் ‘இது விளங்கவில்லை’ என்பது போன்ற உணர்வையும் வேறுபடுத்திக் காட்டினார். தமிழில் இதனை ‘மீயறிதல்’ என வழங்குவர். அச்சொல் எனக்கு நிறைவளிக்காமையால், மெய்யியற் சாயல் சற்று உண்டெனினும், ‘தன்னறிதல்’ என்பதையே ஆள்கிறேன். நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கர்க்கு வகுத்த நெறியில் கேட்டதை மீள நினைத்தலும் வினாதலும் உள்ளன. அதனால் இக்கோட்பாடு நமக்கு முன்பே தெரியும் என மகிழ்வதில் பயனில்லை. அங்கு மாணாக்கரின் முகக்குறிப்பை அறியும் ஆசிரியர் எதிரே இருந்தார். திரைக்கு அது புலப்படாது.

வல்லினம் மிகுதலைச் சான்றாகக் கொள்ளலாம். ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ ஆகிய இரண்டும் பிழையற்றவை. முன்னது பணி தரச் சொல்கிறது. பின்னது வேல் என்னும் படைக்கலத்தைத் தரச் சொல்கிறது. ஐ உருபு வெளிப்பட நின்றமையால் ஒற்று மிகுந்தது. எழுதியவர் எதனைக் கருதினார் என்பதை அவரே அறிவார். திருத்தி ‘க்’ சேர்க்கச் சொன்னால், தம் கருத்தோடு ஒப்பிட்டு அதனை ஏற்கவோ மறுக்கவோ வேண்டியவரும் அவரே. ஒரு சொடுக்கில் தொடரை மாற்றிவிடும் கருவி அந்த ஒப்பீட்டிற்கு இடமளிப்பதில்லை.

பயிற்சித் தேர்வுகளின் நிலையும் இதுவே. ‘மிகும்’, ‘மிகாது’ என இரண்டே விடைகள் தரப்படும்போது, ஏதும் அறியாதவரும் 20 வினாக்களில் சராசரியாக 10 விடைகளைச் சரியாகக் குறிப்பார். இவரைவிட, 18 பெற்றவரே என் கவலைக்குரியவர். ‘எட்டுத்தொகை’, ‘பத்துப்பாட்டு’ என அவர் பழக்கத்தால் எழுதியிருக்கலாம். எண்ணுப்பெயர்களுள் எட்டு, பத்து ஆகியவற்றின் பின் வல்லினம் மிகும் என்னும் விதியை அறிந்தும் எழுதியிருக்கலாம். மதிப்பெண் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது. செவிப்பழக்கம் இழிவானதன்று, தாய்மொழியாளர் பெரும்பாலும் அதனைக் கொண்டே எழுதுகின்றனர். அப்பழக்கம் எங்குக் கைவிடும் என்பதை அறியாமையே இடர். ‘நீரைப் பருகினான்’ என எழுதுபவர் ‘நீர் பருகினான்’ என்பதில் தயங்கும்போது, அத்தயக்கம் எதனால் வந்தது என்பதை அந்த 18 அவருக்குச் சொல்லாது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விடையைக் குறித்தவுடன் சரி, தவறு காட்டாமல், ‘விதி அறிந்து குறித்தேன்’, ‘செவிக்கு இசைந்தபடி குறித்தேன்’, ‘ஊகித்தேன்’ என்னும் மூன்றனுள் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லலாம். விதி அறிந்ததாகக் கூறித் தவறவிட்ட இடங்களைத் தனியே திரட்டி அவருக்கே காட்டலாம். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போர்க்குச் செவிப்பழக்கம் அமைந்திராது. அவர்க்குத் தெரிவுகள் வேறாக வேண்டும்.

கற்போர் உண்மையைக் குறிப்பர் என்பதற்கு என்ன உறுதி என வினவலாம். மதிப்பெண்ணோடு இணைத்தால் குறிக்கமாட்டார்கள். ஆகவே அப்பதிவுக்கு மதிப்பெண் கூடாது. ஆசிரியருக்கு முன் மாணவரே அதனைக் காண வேண்டும். முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களின் வேறுபாட்டை மட்டும் கொண்டு கருவி பயனளித்தது என முடிவுரைக்கும் ஆய்வேடுகள், இத்தகைய பதிவொன்றையும் இனித் தரவாகச் சேர்த்தல் வேண்டும்.