களியக்காவிளையைத் தாண்டாத பாடம்

கேரளத்துப் பாறசாலையில் பஸ் ஏறினால் தமிழ்நாட்டுக் களியக்காவிளை கொஞ்ச தூரம்தான். வாழைக்குலையும் மீனும் கல்யாண சம்பந்தமும் அன்றாடம் எல்லை தாண்டுகின்றன. ஆனால் 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை பிரிந்த பிறகு இந்தப் பக்கத்து வாத்தியாருக்கு அந்தப் பக்கத்து வகுப்பறை அந்நியமாகிவிட்டது.

இரு பக்கமும் துணிந்து பார்த்தவைதான். 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தோடு (டி.பி.இ.பி.) கேரளம் செயல்வழிக் கற்றலுக்குத் திரும்பியபோது, பிள்ளைக்கு அட்சரமே தெரியவில்லை என்று பெற்றோர் கொதித்தார்கள். தமிழ்நாட்டில் ரிஷிவேலி பள்ளியின் முறையைத் தழுவி 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் அட்டைகளும் கற்றல் ஏணியும் வந்தன. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். 2007-08-ல் அது மாநிலம் முழுக்க ஆணையாகப் போனது. பதின்மூன்று பள்ளிகளில் ஆர்வமாக இருந்தது, பலருக்கு இன்னொரு பதிவேடாகிப்போனது என்பதே நம் எண்ணம். துணிச்சலைச் சுற்றறிக்கையில் அனுப்ப முடியாது. அதற்கு நம்பிக்கையும் பொறுமையும் வேண்டும்.

கர்நாடக இசைப் பாடகி பாறசாலை பொன்னம்மாளை நினைத்துப் பாருங்கள். 1924-ல் பிறந்தவர். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி, பிறகு அங்கேயே முதல் ஆசிரியை. திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரிக்கும் முதல் பெண் முதல்வர். நெய்யாற்றின்கரை வாசுதேவனும் எம்.ஜி.ராதாகிருஷ்ணனும் அவரிடம் படித்தவர்கள். ஆண்கள் மட்டுமே பாடிவந்த திருவனந்தபுரத்து நவராத்திரி மண்டபம் அவருக்குத் திறந்தது 2006-ல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு. பத்மஸ்ரீ 2017-ல். சீடர்கள் பேரெடுத்து எத்தனையோ காலத்துக்குப் பிறகுதான் குருவின் வாசலுக்கு விருது வந்தது. வாத்தியார் வேலையின் பலன் பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதை வருடாந்தர ஆய்வில் அளக்க நினைப்பதுதான் பிழை. அவரை நம்பி ஒரு கல்லூரி முதலில் கதவைத் திறந்தது என்பதையும் மறக்கவேண்டாம்.

அந்த நம்பிக்கையைத்தான் நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கேட்கிறோம். எல்லையோரப் பிள்ளை வீட்டில் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஒன்றாம் வகுப்பில் அந்தப் பேச்சிலிருந்தே பாடத்தைத் தொடங்கிப் பார்க்கும் டீச்சரை, 'சுத்தமாகப் பேசு' என்று உதவிக் கல்வி அலுவலர் (ஏ.இ.ஓ.) அதட்டக்கூடாது. முதல் வருடம் சரிவரவில்லை என்றால் அதைக் குறையாக எழுதவும் கூடாது. எழுதினால் அடுத்த வருடம் எவரும் எதையும் முயலமாட்டார்கள்; பழைய நோட்டிலிருந்தே பாடம் ஓடும்.

இன்னொன்று, செலவில்லாதது. பாறசாலை உபஜில்லா ஆசிரியர்களும் மேல்புறம் வட்டார ஆசிரியர்களும் வருடத்தில் இரண்டு நாள் ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்காரட்டும். அட்டையை அங்கே எப்படிக் கையாண்டார்கள், அட்சரச் சண்டையை இங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்று நேரில் கேட்டுக்கொள்ளட்டும். அந்த இரண்டு நாளும் பணிநாளாகக் கணக்காக வேண்டும்.

இதற்குத் திருவனந்தபுரம் சென்னைக்கு எழுதி, சென்னை பதில் எழுதி, கோப்பு நகர்வதற்குள் இப்போதைய ஒன்றாம் வகுப்பு பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடும். வட்டாரக் கல்வி அலுவலரும் ஏ.இ.ஓ.வும் களியக்காவிளையில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தே தேதியைக் குறிக்கலாம்.